அக்கா கல்யாணமும் அறுபது நாள் சீஸும்

போன வைகாசியில எங்க அக்காவுக்குக் கல்யாணம் நடந்துச்சுங்க. அக்காவுக்கு வயசு 47, மாப்பிள்ளைக்கு 50. சிவன்மலை முருகன் கோயில்ல, காலையில ஆறரை மணிக்கு, மொத்தமே இருபத்து மூணு பேர். ஒன்பது மணிக்கெல்லாம் பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் தோட்டத்துக்குத் திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தாங்க.

டவுன்ல இருக்குற உங்களுக்கு இது பெரிய சேதியாத் தெரியாது. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவுல, கிளுவை வேலி போட்ட எங்க இட்டேரிகள்ல இது இன்னும் சேதிதான். விதவை மறுமணத்துக்குச் சட்டம் வந்தது 1856-ல. எங்க குடும்பத்துக்கு வந்து சேர 167 வருஷம் ஆயிருக்கு. தபால்காரர் நடந்தே வந்திருந்தாக்கூட இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருப்பாரு.

இந்தக் கதையை எழுதட்டுமான்னு அக்காகிட்ட கேட்டேன். "பேரைப் போடாத, மத்தபடி உன் இஷ்டம்"னுச்சு. மாமா, "பி.எச். நம்பரை மட்டும் தப்பா எழுதிராதீங்க மாப்ள"ன்னாரு. ரெண்டு பேரோட குணமும் அதுலயே தெரிஞ்சுக்கலாம்.

எங்க தோட்டத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடுறேன். இந்தப் பக்கம் மழை கம்மி. அதனால பாதி நிலத்தைக் கொறங்காடா விட்டிருக்கோம். கொறங்காடுன்னா சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க நிழலுக்கு வெள்வேல மரம். காங்கேயம் மாடுங்க காலங்காலமா மேய்ஞ்சு வளர்ந்தது இந்த மாதிரிக் காட்டுலதான். ஆனா காங்கேயம் மாடு உழவுக்கும் வண்டிக்கும் பேர் போனது. கன்னுக்குப் போக நமக்குக் கிடைக்கிற பால் ரொம்பக் கொஞ்சம். சொசைட்டிக்கு ஊத்தணும்னா ஜெர்சி கலப்பு வேணும். எங்ககிட்ட ஒரு சோடி காங்கேயம் காளையும், ஆறு கலப்பு மாடும் உண்டு. ரெண்டு நேரமும் சேர்த்து ஐம்பது லிட்டர் சொச்சம் கறக்கும்.

கறக்குறது அக்கா. 2009-ல மச்சான் தவறிப்போனப்ப அக்காவுக்கு 33 வயசு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருந்தாரு. நைட் ஷிப்ட் முடிஞ்சு வண்டியில வரும்போது லாரி அடிச்சிருச்சு. பத்து வயசுப் பொண்ணைக் கையில புடிச்சுக்கிட்டு அக்கா இங்க வந்துச்சு. வந்த மூணாம் மாசம் அப்பா கையில இருந்த பால் சொம்பை வாங்கிட்டுக் கட்டுத்தரைக்குள்ள போனதுதான். காலையில நாலரை மணிக்கு எழுந்திருக்குறது, தவிடு புண்ணாக்கு கலக்குறது, சாணி அள்ளுறது, தட்டு வெட்டிப் போடுறது. யாரும் போகச் சொல்லலை. யாரும் வேண்டாம்னும் சொல்லலை. மாடுங்களுக்குச் சகுனம் பாக்கத் தெரியாது, அதனால அங்க நிம்மதியா இருக்குதுன்னு ஒரு நாள் சொல்லுச்சு.

சகுனம்னு ஏன் சொன்னுச்சுன்னு விளக்கணும். எங்க கொங்குப் பக்கக் கல்யாணத்துல இணைச்சீர்னு ஒண்ணு உண்டு. மாப்பிள்ளையோட கூடப் பொறந்த அக்காவோ தங்கச்சியோதான் அதைச் செய்யணும். பொண்ணுக்குத் தாலி ஏறுறதுக்கு முன்னாடி, அண்ணன் தம்பிக்கும் அக்கா தங்கச்சிக்கும் இருக்குற பந்தம் விட்டுப் போகாதுன்னு ஊர் முன்னாடி காட்டுற சீர் அது. என் கல்யாணம் மச்சான் இருந்தப்பவே முடிஞ்சதால எனக்கு அக்கா செஞ்சுச்சு. 2012-ல தம்பி கல்யாணம். பெரியவங்க கூடிப் பேசி, பெரியப்பா மகளைக் கூப்பிட்டு இணைச்சீரை முடிச்சாங்க. முகூர்த்த நேரத்துல அக்கா எங்கன்னு தேடினேன். மண்டபத்து ஸ்டோர் ரூம்ல உக்காந்து தேங்காய் எண்ணிட்டு இருந்துச்சு. "நூத்து நாப்பது இருக்கணும், மூணு கொறையுது தம்பி"ன்னுச்சு. வேற ஒண்ணும் சொல்லலை.

இனி மாமா கதைக்கு வர்றேன். எங்க பக்கம் பங்காளி முறை இல்லாதவங்க எல்லாரும் மாமன் மச்சான் முறைதான். அதனால பக்கத்து ஊர்க்காரரான அவரைச் சின்ன வயசுலேர்ந்தே நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். அக்காவும் அவரும் காங்கேயத்துக்குப் படிக்கப் போனது ஒரே டவுன் பஸ். அவர் மூணு வகுப்பு மேல. அது லவ்வா அக்கான்னு எத்தனையோ தடவை கேட்டாச்சு. "பஸ்ஸுல எடம் புடிச்சு வெப்பாரு. நான் போய் உக்காந்துக்குவேன். அவ்வளவுதான்." இத்தனை வருஷத்துல இதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்க முடியலை.

1995-ல அவங்க அம்மா எங்க வீட்டுக்கு வந்து பொண்ணு கேட்டாங்க. அக்காவுக்கு 19. ஜாதகம் பாத்தாங்க, பொருந்தலைன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அடுத்த வருஷம் அக்காவுக்குத் திருப்பூர்ல கல்யாணம். அவர் பெங்களூரு போனாரு. ஓட்டல், குளிர்பானக் குடோன்னு சுத்தி, கடைசியா ஒரு பால் கம்பெனியில சீஸ் பிரிவுல சேர்ந்து பதினெட்டு வருஷம் அங்கயே ஓட்டினாரு. அங்க ஒரு கல்யாணம் ஆகி, குழந்தை இல்லாம, கோர்ட்டுல முறைப்படி பிரிஞ்சாச்சு. அந்தம்மா வேற வாழ்க்கை அமைச்சுக்கிட்டு நல்லா இருக்காங்க. அதுக்கு மேல அதைப் பத்தி எழுத எனக்கு உரிமை இல்லை.

2020 மார்ச்சுல அவங்க அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடைஞ்சுது. பத்து நாள் லீவுல வந்தாரு. 25-ஆம் தேதி ஊரடங்கு. அவ்வளவுதான், மாட்டிக்கிட்டாரு.

ஊரடங்கு உங்களுக்கு வீட்டுக்குள்ள வந்துச்சுங்க. எங்களுக்குப் பால் கேன்ல வந்துச்சு. பேக்கரி, டீக்கடை, ஓட்டல், கல்யாண மண்டபம் எல்லாம் ஒரே நாள்ல மூடினா பால் எங்க போகும்? அப்ப எங்க பால்ல பாதியை ஒரு தனியார் வண்டிக்கு ஊத்திட்டு இருந்தோம். முதல் நாள் "பாதி குடுங்க போதும்"னாங்க. மூணாம் நாள் வண்டியே வரலை. சொசைட்டியில எடுக்குறது வழக்கமா ஊத்துற அளவுதான். மாட்டுகிட்டப் போய் "நாளைக்கு லீவு"ன்னு சொல்ல முடியாதே. கறக்காம விட்டா மடி கட்டிக்கும். முதல் நாள் அக்கம்பக்கம் குடுத்தோம், அடுத்த நாள் தயிர் போட்டோம், அதுக்கடுத்து நெய். அதுக்கப்புறம் ஊர்ல எல்லா வீட்டுலயும் தயிர் இருந்துச்சு, வாங்க ஆளில்லை.

அப்பத்தான் அவர் அம்மாவுக்கு அரை லிட்டர் பால் வாங்க வந்தாரு. வாசல்ல அண்டா நெறையப் பாலைப் பார்த்துட்டு, "ஏனுங் மாப்ள, இத்தனை பாலை என்னங்க பண்றீங்க?"ன்னாரு. "தென்னைமரத்துக்கு ஊத்தலாம்னு இருக்கோம்"னேன். நெசமாவே அந்த யோசனையிலதான் இருந்தோம். உள்ளேர்ந்து அக்கா வந்துச்சு. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் நேருக்கு நேர் பாத்தது அப்பத்தான். முகத்துல பாதி மாஸ்க். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குக் கறந்ததுங்?"

அன்னிக்குச் சாயங்காலம் இருபத்தஞ்சு லிட்டரையும் காய்ச்சி, தோட்டத்து எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு பனீர் போட்டாங்க. அம்மா தலையில கை வெச்சுட்டு உக்காந்துட்டாங்க. எங்க பக்கம் பால் பொங்குனா மங்கலம், திரிஞ்சா ஆகாது. புது வீடு போற அன்னிக்குப் பால் திரிஞ்சுதுன்னு பரிகாரம் பண்ணினவங்க எல்லாம் உண்டு. "நல்ல பாலை வேணும்னே திரிய வெக்கிறீங்களே சாமி"ன்னாங்க. அக்கா கரண்டியோட நின்னுட்டு, "நான் பக்கத்துல வந்தா நல்லது கெட்டுப்போகும்னு சொன்னவங்களையெல்லாம் இப்ப வரச் சொல்லும்மா, ஆளுக்குக் கால் கிலோ குடுத்தனுப்புறேன்"னுச்சு. அம்மா அதுக்கப்புறம் பேசலை. மாமா குனிஞ்சு துணியைப் புழிஞ்சுட்டு இருந்தாரு.

நாலு கிலோவுக்குப் பக்கம் பனீர் வந்துச்சு. ஆனா பனீரும் ரெண்டு மூணு நாள் சரக்குதான். அப்ப அவர்தான், "சீஸ் போட்டா பாலை ரெண்டு மாசத்துக்குப் பூட்டி வெக்கலாங்க"ன்னு ஆரம்பிச்சாரு.

கூரியர் ஓட ஆரம்பிச்சதும் பெங்களூருல இருந்து கல்ச்சரும் ரென்னட்டும் வந்துச்சு. கல்ச்சர்ங்கிறது நம்ம தயிர் உறை மாதிரிதான், என்ன பாக்டீரியான்னு பார்த்துத் தேர்ந்தெடுத்த உறை. ரென்னட்டுதான் வேற. பாலைக் கட்டியாக்குற நொதி அது. பழைய முறையில கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுப்பாங்கன்னு பொண்ணு போன்ல படிச்சுச் சொல்லிட்டா. அம்மா பிடிச்சுக்கிட்டாங்க. "கன்னுக்குட்டியைக் கொன்னு அதோட தாய்ப்பால்ல ஊத்துறதா? என்ற ஊட்டுல ஆகாது." நாங்க ஆட்டுக்கறி கோழிக்கறி எல்லாம் சாப்பிடுறவங்கதான், ஆனா இது வேற. இது பூஞ்சைக் காளான்லேர்ந்து எடுத்தது, பாட்டில்ல பச்சைப் புள்ளி இருக்குது பாருங்கன்னு மாமா காட்டினப்புறம்தான் அடுப்புப் பத்த வெக்க உத்தரவு கிடைச்சுது.

எப்படிப் போடுறாங்கன்னு சொல்றேன். இருபது லிட்டர் பாலை 63 டிகிரியில அரை மணி நேரம் வெச்சு, 32 டிகிரிக்கு ஆற வெக்கணும். கல்ச்சர் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டு, ரென்னட்டைத் தண்ணியில கரைச்சு ஊத்தணும். அதுக்கப்புறம் பாத்திரத்தைத் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது. முக்கால் மணி நேரத்துல பால் நுங்கு மாதிரி நிக்கும். கத்தியை விட்டுத் தூக்கினா வெட்டுவாய் சுத்தமாப் பிளக்கணும், மோர்த்தண்ணி தெளிவா ஊறணும். அப்ப நீளவாக்குல, குறுக்கவாக்குல சின்னக் கட்டமா வெட்டிக் கிண்டணும். கொஞ்சம் தண்ணியை எடுத்துட்டு அந்த அளவுக்குச் சுடுதண்ணி ஊத்தி 38 டிகிரிக்குக் கொண்டு வரணும். இது கௌடாங்கிற டச்சுக்காரங்க சீஸ். சுடுதண்ணியில அலசறதாலதான் புளிப்பு ஏறாம இனிப்பா நிக்குது. அப்பறம் துணியில கட்டி அச்சுல போட்டு அழுத்தணும். அழுத்துறதுக்கு மெஷின் ஏது? பாட்டி காலத்து ஆட்டுக்கல் குழவியைக் கழுவி மேல ஏத்தினோம். அடுத்த நாள் உப்புத்தண்ணிக் குளியல், காய வெச்சு மெழுகு பூசி, 12, 13 டிகிரியில ரெண்டு மாசம். இருபது லிட்டர் பாலுக்குக் கெடைக்கிறது ரெண்டே கிலோ. மிச்சம் மோர்த்தண்ணி. அது மாட்டுத் தாழிக்கும், அம்மா ரசத்துக்கும் போகும்.

சித்திரை வெயில்ல காங்கேயத்துல 13 டிகிரிக்கு எங்க போறது? மூடிக் கிடந்த ஒரு பேக்கரியிலேர்ந்து கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் ஒண்ணைப் பழைய விலைக்கு வாங்கி, தனியா ஒரு தெர்மோஸ்டாட் வெச்சு மாமாவே ஒயரிங் பண்ணினாரு. கரண்ட் போனா ஐஸ் வெச்ச பாட்டிலை அடுக்குறது அக்கா வேலை.

இதுல நான் கவனிச்ச ஒண்ணைச் சொல்லணும். மாமா எல்லாத்துக்கும் மீட்டர் வெப்பாரு. தெர்மாமீட்டர், பி.எச். மீட்டர், தராசு. அக்கா முழங்கையைக் கழுவிட்டுப் பாத்திரத்து வெளிப்பக்கம் வெச்சுப் பார்த்து, "இன்னும் ஒரு டிகிரி எறங்கணும்"ங்கும். அவர் மீட்டரைப் பாப்பாரு, சரியா இருக்கும். முதல் மாசம் அவர் நம்பலை. தினமும் சரிபாத்தாரு. ரெண்டாம் மாசத்துலேர்ந்து அக்காவைக் கேட்டுட்டுத்தான் மீட்டரை எடுத்தாரு.

இன்னொரு நாள் அஞ்சு லிட்டர் குறையுது. செவலைப் பால் தனியா ஒரு கேன்ல இருந்துச்சு. அதை எடுக்கட்டுமான்னாரு. "வேண்டாங்க. மடிநோய்க்கு ஊசி போட்டு நாலு நாள் ஆகலை"ன்னுச்சு அக்கா. ஊசி மருந்து பால்ல இருந்தா கல்ச்சர் செத்துப்போகும், பால் புளிக்கவே புளிக்காது. குடிக்கிறவங்களுக்கும் ஆகாது. இதுக்காகப் பெரிய கம்பெனிகள்ல லாரி லாரியாச் சோதனை பண்ணுவாங்களாம். "அங்க அதைக் கண்டுபுடிக்க லேப்பும் நாலு ஆளும் இருந்தாங்க மாப்ள. இங்க உங்கக்கா ஒரு ஆளு"ன்னு என்கிட்ட சொன்னாரு. அன்னிக்குத்தான் எனக்கு லேசாப் பட்டுச்சு, இந்த மனுஷன் பெங்களூரு திரும்பிப் போகமாட்டாருன்னு. அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னாடி வேலையை எழுதிக் குடுத்துட்டாரு. அவங்க அம்மா அதுக்குள்ள வாக்கர் புடிச்சு நடக்க ஆரம்பிச்சிருந்தாங்க.

முதல் சக்கரத்தை அறுத்தது அறுபதாம் நாள். எல்லாரும் சுத்தி நின்னோம். அம்மா ஒரு துண்டு வாயில போட்டு ரெண்டு மெல்லு மென்னுட்டு, "சோப்பு மாதிரி இருக்குது, ஆனா நல்ல சோப்பு"ன்னாங்க. உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவு வாங்கினோம். அப்ப வருஷ வியாபாரம் 12 லட்சத்துக்குள்ளன்னா 100 ரூபாய்ப் பதிவு போதுமா இருந்துச்சு. வாரத்துக்கு மூணு நாள் சீஸ், மிச்சப் பால் சொசைட்டிக்கு. கோயம்புத்தூர், திருப்பூர்ல முப்பது நாப்பது வீடு வாடிக்கை ஆச்சு. கரண்ட், மெழுகு, கல்ச்சர், காத்திருக்குற ரெண்டு மாசம் எல்லாம் கழிச்சா லாபம் பெருசில்லை. பால் வண்டி வரலைன்னா பயம் இல்லை, அதுதான் கிடைச்சுது. (விலை கேட்டு எழுதாதீங்க. கார்த்திகை வரைக்கும் சக்கரத்துக்கெல்லாம் ஆள் இருக்காங்க.)

எதை எப்பப் போட்டோம்னு எழுதி வெக்க ஒரு நோட்டு. முதல்ல அவர் இங்கிலீஷ்ல எழுதினாரு, அக்கா தமிழ்ல. அப்பறம் ரெண்டு பேரும் தமிழ். "ஆடி 18. ஏழாம் சக்கரம். மேல் பக்கம் ஈரம்." "புரட்டாசி 3. கருப்பி சினைக்கு வந்திருக்கு, பால் குறைவு." கணக்குப் புத்தகம் மாதிரிதான், படிக்க ஒண்ணும் இருக்காது. ஆனா 2022 ஆடி நோம்பிக்குக் கோயம்புத்தூர்லேர்ந்து வந்த பொண்ணு, பொழுது போகாம அதைப் புரட்டியிருக்கா. வைகாசியில ஒரு பக்கம், மாமா கையெழுத்து:

"இன்னிக்கு அவங்களுக்குக் காய்ச்சல். சக்கரங்களை நானே திருப்பினேன்."

அடுத்த நாளும் அதே வரி. அதுக்கடுத்த நாளும். நாலாம் நாள், "காய்ச்சல் இறங்கிருச்சு. பி.எச். பாக்க மறந்துட்டேன்."

பதினெட்டு வருஷம் சீஸ் கம்பெனியில இருந்த மனுஷன் பி.எச். பாக்க மறக்குறதுன்னா என்னன்னு அவளுக்குப் புரிஞ்சிருக்கு. அன்னிக்கு ராத்திரி வாசல்ல கட்டில்ல படுத்துட்டு அம்மாகிட்ட நேராவே கேட்டுட்டா: "அம்மா, நீ அவரைக் கட்டிக்கிறியா?" அக்கா ரொம்ப நேரம் பேசலையாம். அப்பறம், "உனக்கு வரன் பாக்குற வயசுல எனக்கு என்னடி?"ன்னுச்சாம். வேண்டாம்னு சொல்லலைங்கிறதை அவ பிடிச்சுக்கிட்டா. காலையில என்கிட்ட வந்து, "மாமா, நீங்க பேசுங்க"ன்னா.

பேசினேன். அவர் கையைத் தொடைச்சுட்டு உக்காந்தாரு. "அவங்க சம்மதம்னா எனக்கு 95-லயே சம்மதங்க"ன்னாரு.

ஊர் பேச்சைப் பத்தி உங்களுக்கு ஒரு எண்ணம் இருக்கும், கிராமம்னா பஞ்சாயத்துக் கூடித் தடுப்பாங்கன்னு. அப்படி ஒண்ணும் இல்லைங்க. எண்ணிப் பாத்தா நேர்ல வந்து பேசினது அஞ்சு பேர். ஒருத்தர், "இந்த வயசுல எதுக்கு, துணைக்குத்தான் தம்பி குடும்பம் இருக்குதே"ன்னாரு. இன்னொருத்தர், "பொண்ணுக்கு வரன் வராது"ன்னாரு. அதுக்குப் பொண்ணே போன்ல பதில் சொல்லிட்டா: "எங்கம்மா கல்யாணம் பண்ணிக்கிட்டதால வராத மாப்பிள்ளை எனக்கு வேண்டாம் தாத்தா. நம்ம வேலை மிச்சம்." மச்சானோட அண்ணன் திருப்பூர்லேர்ந்து வந்தப்பத்தான் எல்லாருக்கும் கைகால் நடுங்குச்சு. அவர் டீ குடிச்சாரு, சீஸ் அறையைச் சுத்திப் பாத்தாரு. "தம்பி பேர்ல இருக்குற எடம் பொண்ணுக்கே இருக்கட்டும், அது ஒண்ணுதான்"னாரு. கெளம்பும்போது அக்காகிட்ட, "நல்லா இரு அம்மிணி"ன்னு சொல்லிட்டு வேகமா நடந்து வண்டி ஏறிட்டாரு.

எங்க அம்மாதான் வாயே திறக்கலை. ஆடியிலேர்ந்து தை வரைக்கும் ஆறு மாசம். சாப்பாடு போடுவாங்க, மாட்டைப் பாப்பாங்க, இந்தப் பேச்சு எடுத்தா எழுந்து போயிருவாங்க. தைப்பூசத்துக்குச் சிவன்மலைத் தேர் பாத்துட்டு வந்த ராத்திரி, திண்ணையில உக்காந்து தானாப் பேசினாங்க.

"அப்ப ரெண்டு ஜோசியருகிட்டப் பாத்தமுங்க கண்ணு. மொத ஜோசியரு ஒம்போது பொருத்தம் இருக்குது, தாராளமாக் குடுக்கலாம்னாரு. உங்கப்பனுக்கு அது புடிக்கல. நாலு ஏக்கரு மானாவாரிக்கு எப்படிப் பொண்ணைக் குடுக்குறதுன்னு இன்னொருத்தருகிட்டப் போனாரு. அவரு ஆகாதுன்னாரு. உங்கப்பன் எனக்குச் சத்தியம் வெச்சாரு, மொத ஜோசியரைப் பத்தி மூச்சு விடக்கூடாதுன்னு. அவரு போயிச் சேந்தாச்சு. சத்தியமும் போயிருக்கும்."

இருபத்தேழு வருஷம் அதை நெஞ்சுல வெச்சுட்டு இருந்திருக்காங்க. அக்கா ஸ்டோர் ரூம்ல ஃப்ரிட்ஜைத் திறந்து வெச்சுச் சக்கரம் திருப்பிட்டு இருந்துச்சு. எல்லாம் கேட்டிருக்கும். வெளிய வந்து அம்மா பக்கத்துல உக்காந்துச்சு. அழும்னு நெனச்சேன். "அப்பவே குடுத்திருந்தா என்ற பொண்ணு எனக்குக் கெடைச்சிருக்க மாட்டாளேம்மா. உடு. அவரும் நல்லாத்தான் வெச்சிருந்தாரு"ன்னுச்சு. அவருன்னது மச்சானை. அம்மா அக்கா கையைப் புடிச்சு மோந்து பாத்துட்டு, "எப்பப் பாத்தாலும் புளிச்ச வாசம்"னு திட்டினாங்க. அடுத்த வாரம் அவங்களே போய் நாள் குறிச்சுட்டு வந்தாங்க. எந்த ஜோசியர்னு நான் கேக்கலை.

கல்யாணம் சிக்கனமா முடிஞ்சுது. தாலி எடுத்துக் குடுத்தது பொண்ணு. சிவன்மலையில உத்தரவுப் பெட்டின்னு ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்குறது சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும். யாராவது ஒரு பக்தர் கனவுல ஆண்டவர் வந்து ஒரு பொருளைச் சொன்னா, சாமிகிட்டப் பூப் போட்டுக் கேட்டு, உத்தரவானதும் அந்தப் பொருளைப் பெட்டியில வெப்பாங்க. அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும் அது இருக்கும். தம்பி அதுக்கு முன்னாடி நின்னு, "மாமா, ராத்திரி கனவுல சீஸ் வந்தா மறைக்காமச் சொல்லுங்க"ன்னான். "தெனமும் வருதுங்க, உத்தரவுதான் வரலை"ன்னாரு மாமா. அக்கா சத்தமாச் சிரிச்சுது. அது சிரிச்ச சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தது நாங்க மட்டும் இல்லை.

மாடு இங்க இருக்குறதால அவரும் அவங்க அம்மாவும் எங்க தோட்டத்துச் சாளைக்கே குடி வந்துட்டாங்க. ரெண்டு கெழவிகளும் சாயங்காலம் திண்ணையில உக்காந்து, 95-ல யார் என்ன சொன்னாங்கன்னு இன்னும் சண்டை போடுறாங்க. புதுசா வெள்ளையடிச்ச சுவத்துல மச்சான் படத்துக்கு ஆணி அடிச்சது மாமாதான். மட்டம் பாக்குற கருவியை வெச்சு, கோணாம.

போன வாரம் சித்தப்பா மகன் வந்தான். ஆவணியில அவனுக்குக் கல்யாணம், கூடப் பொறந்த பொண்ணு இல்லை. "அக்கா, நீதான் இணைச்சீர் செய்யணும்"னு நின்னான். சித்தப்பா வீட்டுல ரெண்டு பேருக்கு இதுல மனசில்லைன்னு எங்களுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அக்கா கையைத் துடைச்சுட்டு நோட்டை எடுத்துச்சு. தேதியைப் பாத்துச்சு. பக்கத்தைத் திருப்பிச்சு.

"அன்னிக்கு ரெண்டு சக்கரம் உப்புத்தண்ணியிலேர்ந்து எடுக்கணும் சாமி. எத்தனை மணிக்கு உடுவீங்க?"

"வெடியக்காலம் ஆறு மணிக்கெல்லாம் முடிஞ்சிருங்க்கா."

"அப்படின்னா வர்றேன்"னுச்சு. எழுதியும் வெச்சுக்கிச்சு.